தம்புள்ளை போய் வந்த பூசணிக்காய்

நெடுங்கேணி 'சிக்கனம்' கடையில் மரக்கறிப் பகுதியைப் பார்ப்பவர் பத்மாசனி அக்கா. நான் அங்கே காசாளர். மலிவு விலைக் கடை என்பதால் எங்கள் சம்பளமும் மலிவுதான். கம்பனியின் வாக்குறுதிகளுக்கு மட்டும் குறைவில்லை. 2030க்குள் எங்கள் கடைகளின் காபன் வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைப்போம் என்று வாசலில் பெரிய பதாகை. அதை யார் மினக்கெட்டு வாசிக்கிறார்கள்? பத்மாசனி அக்கா வாசித்தார். வாசித்ததோடு நிற்காமல் நம்பியும் விட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவரும் கணவர் யோகநாதனும் குளத்துக்குக் கீழே விதைத்த நெல், காலம் தப்பிப் பெய்த மழையில் அடுத்தடுத்து அழிந்துபோனது. அதன்பிறகுதான் அக்கா கடை வேலைக்கு வந்தார். யோகநாதன் அண்ணை, தம்புள்ளையிலிருந்து எங்கள் வன்னிக் கிளைகளுக்கு மரக்கறி கொண்டுவரும் குளிர் லொறிக்குச் சாரதியானார்.

ஒருநாள் அந்த லொறியில் வந்த பூசணிக்காய்களை அடுக்கும்போது அக்கா ஒன்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தோலில் தழும்பாக 'நிரோஜன்' என்ற பெயர். விசுவமடுவில் தோட்டம் செய்யும் அவருடைய சொந்தத் தம்பி! அங்கே தோட்டங்களுக்கு நடுவே வேலி கிடையாது. கொடி எல்லை பார்க்காமல் ஓடும். பிறகு சண்டை வரக்கூடாதென்று, காய் பிஞ்சாக இருக்கும்போதே ஆணியால் பெயரைக் கீறிவிடுவார்கள். காயோடு சேர்ந்து பெயரும் பெரிதாகும்.

ஆக, அயலில் விளைந்த காய் வவுனியா தாண்டித் தம்புள்ளைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து குளிரூட்டிய லொறியில் சொகுசாகத் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"காய்க்கு ஊர் சுத்திப் பாக்க ஆசை போல" என்றேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

பிராந்திய முகாமையாளர் இர்ஷாத் கடைக்கு வந்தபோது அக்கா அந்தக் காயைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

"சேர், வாசல்ல ஒரு கதை எழுதியிருக்கிறியள், இந்தக் காய் வேற கதை சொல்லுது. விசுவமடுச் சாமானை நேர எடுத்தால் என்ன?"

இர்ஷாத் விஷயம் தெரிந்தவர், நல்லவரும்கூட. "நானும் மேல கேட்டுப் பாத்திட்டன் அக்கா. சாமான் ஒழுங்கா வராட்டி ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டு கேக்கிறாங்க."

"நான் எடுக்கிறன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "லொறி நிண்டா அண்ணைட வேலையும் போகுமே?"

"தெரியும் சேர்."

அக்கா பேசாமல் காயை அடுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன்.

வன்னிக் கிளைகளுக்கு விசுவமடுவிலிருந்தே மரக்கறி எடுக்கத் தலைமையகம் சம்மதித்தது. லொறி கடைசியாக வந்த அன்று யோகநாதன் அண்ணை பின்வாசலில் பெட்டிகளை இறக்கினார். பல நாளாகவே மனைவியோடு முகம்கொடுத்துக் கதைக்காதவர், அன்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் வெடித்தார்.

"என்ரை வயித்தில அடிச்சுத்தான் நீ நல்ல பேர் எடுக்கவேணுமோ? உனக்கு நான் பெரிசோ, அந்தப் பதாகை பெரிசோ?"

"இஞ்சருங்கோ, எங்கட நெல்லு தண்ணிக்குள்ள கிடந்து முளைச்சதை நீங்களும்தானே பாத்தனீங்கள்? வரம்பில இருந்து அழுதது ஆர், நானோ? கம்பனி சொன்னதைச் செய்யுமோ இல்லையோ எனக்குத் தெரியாது. எங்கட கையில இருக்கிறதையாவது நாங்கள் செய்யவேண்டாமோ?" அக்காவின் குரல் உடைந்தது. "உங்களைக் கேக்காமல் செய்தது பிழைதான். கேட்டிருந்தால் எனக்குத் துணிவு வந்திராது."

அண்ணை மிச்சப் பெட்டிகளை இறக்கி முடித்தார். லொறிக் கதவை அடித்துச் சாத்தினார். அப்படியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் போகவில்லை.

"அப்ப விசுவமடுச் சாமானை ஆர் ஏத்தி வாறது?" என்று வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"இன்னும் ஒருதரும் சரிவரேல்லை. ட்ரக்டர் தேடித் திரியிறம்."

"வயல் வேலை இல்லாமல் சும்மா நிக்கிற எங்கட ட்ரக்டர் உன்ரை கண்ணில படேல்லையோ?"

"பட்டது" என்றார் அக்கா. "உங்களிட்டக் கேக்கத்தான் வாய் வரேல்லை."