கல்லுக்குள் ஒரு துளி வெந்நீர்

கல்லுக்குள் தண்ணீர் பார்ப்பது என் தொழில் என்றால், கிணறு வெட்ட இடம் பார்ப்பவன் என்றுதான் யாழ்ப்பாணத்தில் நினைப்பார்கள். சொந்தத் தொழிலை விளங்கப்படுத்தியே களைத்துப்போன வாசகர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எனக்கொரு வெள்ளைப் படிகக்கல் அனுப்பினார். பழங்காலத்தில் விண்கல் மோதி நொறுக்கிய பாறையின் வெடிப்பில் விளைந்தது. விளையும்போது உள்ளே அகப்பட்ட நீர்த்துளிகளும், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழியும் உருப்பெருக்கியில் தெரியும். துளியின் உப்பையும் அகப்பட்டபோது இருந்த சூட்டையும் அளந்தால், மோதலுக்குப் பின் அங்கே வெந்நீர் ஓடியதா என்று சொல்லலாம். என் ஆராய்ச்சிப் பட்டம் அந்தத் துளிகளில் கிடந்தது. மறு கல் கிடையாது.

இரண்டில் ஒன்று

எங்கள் ஆய்வுகூடத்தில் கல் அறுப்பவர் சிவலிங்கம் அண்ணை. இரண்டு மெல்லிய சீவல்கள் எடுத்தார். ஒன்றைக் கண்ணாடியில் ஒட்ட, வழக்கம்போலச் சூட்டுத்தட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது துளிகள் எல்லாம் வெடித்து, வெறும் கீறல்கள்தான் மிச்சம். நான் தலையில் கைவைத்தேன்.

“உள்ளுக்கை தண்ணி கிடக்கெண்டு ஆர் சேர் சொன்னது? கல்லெண்டுதானே தந்தனீங்கள்!”

மயிலிட்டி ஐஸ்

மிஞ்சிய சீவலை முதலில் உறையவைக்க வேண்டும். உறைந்த துளி எந்தக் குளிரில் இளகுகிறதோ, அதில் உப்பின் அளவு தெரியும். ஐஸைத் தூளாக்கி இரசாயனக்கூடத்து உப்பொன்றைக் கலந்தால் கடுங்குளிர் வரும். ஆகவே மயிலிட்டியில் மீனுக்கு ஐஸ் விற்கும் கதிரவேலரிடம் போனேன். எத்தனை பெட்டி மீன் என்று கேட்டார். மீனில்லை, நகமளவு கல் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கல்லும் நாறுமோ, தம்பி?”

குமிழி

உப்பை அளந்தாயிற்று. இனிச் சூடு. சூடேற ஏறக் குமிழி சுருங்கும். அது மறையும்போது உள்ள சூடுதான், துளி அகப்பட்டபோது இருந்த சூட்டுக்குக் கணக்கு. மின்சாரம் துள்ளிச் சூடு பாய்ந்தால் இந்தச் சீவலும் போய்விடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் சிவலிங்கம் அண்ணையின் கை, உருப்பெருக்கியில் என் கண். அன்று அவர் தேத்தண்ணிக்குப் போகவில்லை. குமிழி புள்ளியாகி, நடுங்கி, மறைந்தது. ஆறவிட்டோம், திரும்பி வந்தது. துளி வெடிக்கவில்லை.

இரவல் வாங்கிய ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கதிரவேலரிடம் பெருமையாகவே சொன்னேன்: கொதிநீரைவிடச் சூடு, கடல்நீரைவிட உப்பு.

“கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு உப்புத்தண்ணி தேடவோ, தம்பி, என்ரை ஐஸ் முழுக்கக் கரைச்சனீர்?”

பட்டம் கிடைத்தது; மயிலிட்டியில்தான் நான் இன்னும் தேறவில்லை.