பறக்கும் நேரமும் போய்ச் சேரும் நேரமும்

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பயண ஏஜென்சியில் எனக்குப் பக்கத்து நாற்காலி டிக்கெட்டக்காவுடையது. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவருடைய வீட்டுக்காரரே கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். இருபது வருஷமாக ஊரையே விமானம் ஏற்றி அனுப்பியவர், தான் ஒருமுறைகூட ஏறியதில்லை. கேட்டால், "தையல்காரி தைக்கிற சட்டையெல்லாம் போட்டுப் பாக்குறாளா?" என்பார்.

"எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்டு வருபவர்களுக்கு அக்கா உடனே பதில் சொல்ல மாட்டார். "பறக்குற நேரம் கேக்குறீங்களா, போய்ச் சேர்ற நேரம் கேக்குறீங்களா?" என்பார். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. பயமெல்லாம் நடுவில் விமானம் மாறும் ஊரைப் பற்றித்தான். முதல் விமானம் கொஞ்சம் தாமதித்தால் அடுத்தது கைவிட்டுப் போய்விடும். அதனால் இடைவெளியைத் தாராளமாக விட்டுத்தான் டிக்கெட் போடுவார். அவர் அனுப்பிய ஒருவர்கூட நடுவழியில் விமானத்தைத் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

ஒரே மகள் உலகத்தின் அந்தக் கோடியில் வேலையில் இருந்தாள். வீட்டுக்காரரை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர், "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். அக்கா நேராக ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையில் இரண்டு வழி இருந்தது. பறக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் விமானம் மாற ஒரு மணி நேரம்கூட இல்லை. மற்றதில் அரை நாள் காத்திருக்க வேண்டும்.

"முதல்ல இருக்கிறதையே போடுங்கக்கா" என்றேன்.

"தவறிப்போச்சுன்னா? நீ சும்மா இரு."

அவரிடம் யார் வாய்கொடுப்பது? விரல்களால் தட்டி இரண்டாவதைத்தான் போட்டார். அந்த விரல்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "டிக்கெட்டக்கா, பொண்ணு எங்க வந்துட்டா?"

"கடலைத் தாண்டிட்டா. இதோ வந்துடுவா" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த நேரத்தில் மகள் நடுவழி ஊரில் ஒரு பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாள். வெளியே வந்து போனில் பார்த்தேன். அக்கா வேண்டாமென்று விட்ட வழியில் இரண்டு விமானமும் சொன்ன நேரத்துக்கே பறந்திருந்தன; இரண்டாவது அப்போதுதான் எங்கள் ஊரில் இறங்கியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் போய்விட்டார். மகள் வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபின் கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மகள் கேட்டாள், "இதுக்கு முன்னாடி வேற ஃப்ளைட்டே இல்லையாம்மா?"

"இல்லம்மா" என்று நான் முந்திக்கொண்டேன்.

"இருந்துச்சு" என்றார் அக்கா. "நான்தான் போடலை. நடுவுல மாறுறதுக்கு நேரம் கம்மி. தெரியாத ஊர்ல நீ பையைத் தூக்கிட்டு ஓடணுமேன்னு பாத்தேன்."

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓடியிருப்பேனேம்மா" என்றாள்.