ஒரு வரி இறங்கிய பட்டியல்

மருத்துவமனையில் அவரை எல்லோரும் ஆமை அக்கா என்றே கூப்பிட்டோம். கணினிப் பிரிவு என்பதே அவர் ஒருவர்தான். ஒரு வேலை சொன்னால் நாலு நாள் ஆகும். ஐந்தாம் நாள் அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். அவர் ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு நாள். ஆவண அறைப் பொறுப்பில் இருந்த நான் அன்றைய நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத அறை அவருடையது. மாலையில் கணவர் போன் செய்வார். "இன்னைக்காவது ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பியா?"

"வேணும்னா பஸ் என்னை வந்து பிடிக்கட்டும்."

அறுவைப் பிரிவுக்கு அவர் எழுதிக் கொடுத்த திரையில் இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கும். இடது பெட்டியில் படுக்கை எண்ணும் பெயரும். வலது பெட்டியில் அந்த ஆளுக்கு ஒவ்வாத மருந்து. பின்னால் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியோடு பிணைத்திருந்தார். இடது பக்கத்துப் பத்தாவது வரிக்கு வலது பக்கத்துப் பத்தாவது வரி ஜோடி. அந்த ஜோடி வரிசையால் மட்டுமே நின்றது.

ஆறு வருடம் அதைப் பார்க்கத்தான் முடிந்தது, தொட முடியாது. ஓர் எழுத்து மாற்றவும் அவருக்குப் போன் செய்து அலுத்துப்போன தலைமை நர்ஸ், "எங்க கையிலயும் பேனாவைக் குடுங்கக்கா, சுவத்துல கிறுக்க மாட்டோம்" என்றார். அதனால் அக்கா பெயர்ப் பெட்டியைத் திருத்தும்படி திறந்துவிட்டார். பெட்டியில் தட்டுவது நேராகப் பட்டியலுக்கே போய்ச் சேரும். திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அக்கா ஓடிய அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினாறாம் படுக்கையில் இருந்தவர் அவருடைய தங்கை. பித்தப்பைக் கல். சின்ன வயதில் ஒரு பென்சிலின் ஊசிக்கு மூச்சடைத்துச் செத்துப் பிழைத்தவர். அந்த ஒவ்வாமை வரியை அக்கா தன் கையால் தட்டியிருந்தார்.

காலை பத்து இருபதுக்குத் தங்கையைப் பார்க்கப் போனவர், போகிற போக்கில் நர்ஸ் மேசைத் திரையைப் பார்த்தார். பதினாறுக்கு நேரே "இல்லை" என்று இருந்தது. மேல் வரியில், பதினைந்தாம் படுக்கைப் பெரியவருக்கு நேரே "பென்சிலின்".

"பென்சிலின் ஊசித் தட்டு எங்க?"

"அப்பவே போயிடுச்சேக்கா" என்றார் தலைமை நர்ஸ். "பதினாலு முடிச்சிருப்பாங்க."

ஈரத் தரையில் ஒரு செருப்பு கழன்று கிடக்க, மறு செருப்போடு ஓடினார். பதினாறாம் படுக்கையருகே நர்ஸ் மருந்தை ஏற்றிய ஊசியோடு குனிந்திருந்தாள்.

"அதைக் கீழ வை."

"லிஸ்ட்டுல இல்லைன்னுதானேக்கா இருக்கு?"

"லிஸ்ட்டு தப்பு. நான் எழுதுன லிஸ்ட்டு."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, ஒத்தைச் செருப்போட வந்திருக்கே? உன்னை யாரு துரத்தினா?"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தங்கை வரி பொய்யென்றால் மற்ற வரிகள்? பிரிவில் முப்பத்தோரு பேர். ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, பத்து இருபத்தாறுக்கு என் அறைக்கு ஓடி வந்தார்.

"ஐயா, அறுவைப் பிரிவு அட்மிஷன் தாள் எல்லாம் வேணும். உடனே."

ஒவ்வாமையைத் தாளின் தலையில் சிவப்பு மையில் எழுதுவது எங்கள் வழக்கம். நான் வாசித்தேன், அவர் திரையிலிருந்து எடுத்த நகலில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். ஒன்பது வரை சரி. பத்திலிருந்து ஒவ்வொருவர் எதிரிலும் அடுத்தவருடைய ஒவ்வாமை. கடைசி ஆளுக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. பத்துக்கு மேல் நாலு பேருக்கு ஊசி போயிருந்தது. மூன்று தாளில் சிவப்பு மை இல்லை. நாலாவது, பன்னிரண்டாம் படுக்கைக் கொத்தனார். அதன் தலையில் சிவப்பு மையில் பென்சிலின். தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

நாங்கள் போனபோது கொத்தனார் போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருந்தார். விலக்கினால் உதடு வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. "எறும்பு கடிச்சிருக்கும்னு நினைச்சேன்" என்று குழறினார். டாக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா சுவரில் சாய்ந்து, கொத்தனாரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்து நின்றார். நாலு பத்துக்குக் கொத்தனார் டீ கேட்டார். அப்போதுதான் அக்கா தரையில் உட்கார்ந்தார்.

நடந்ததைச் சொன்னவர் பிரிவு எழுத்தர். எதையும் குத்தி அடுக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்பதால் குண்டூசி என்று பெயர். "ஒன்பதாம் பெட்காரர் பேரு நீளம்க்கா, பெட்டிக்கு வெளிய போச்சு. ஒன்பது அஞ்சுக்கு நடுவுல என்டர் தட்டி, ரெண்டு வரியா அழகா வெச்சேன்." அந்த ஒரு தட்டலில் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி இறங்கின. வலது பெட்டி அசையவில்லை.

எல்லோரும் குண்டூசியைத் திட்ட வாயெடுத்தார்கள். அக்கா, "அவனை விடுங்க. கதவைத் திறந்து போட்டது நான்" என்றார். தவறு தன்னுடையது என்று அவர் தந்த கடிதத்தின் நகலை நானே கோப்பில் வைத்தேன்.

திருத்த வழக்கம்போல நாலு நாள் ஆயிற்று. அதுவரை பிரிவு சிவப்பு மைத் தாள்களை வைத்தே நடந்தது. இரண்டு பட்டியல்களையும் எடுத்துவிட்டார். எண், பெயர், ஒவ்வாமை மூன்றையும் ஓர் ஆளுக்கு ஒரே கட்டாக வைத்து, அந்தக் கட்டுகளின் பட்டியலோடு பெட்டிகளைப் பிணைத்தார். பெயர் நகர்ந்தால் ஒவ்வாமையும் கூடவே நகரும். என்டர் தட்டினால் வரி பிளக்காது.

பயம் மட்டும் போகவில்லை. தினமும் எட்டரைக்கு அறுவைப் பிரிவுக்குப் போவார். ஒன்பதாம் வரியில் என்டர் தட்டுவார். பிறகு கடைசி வரியைப் பார்ப்பார். ஒருமுறை பரிசோதனைக்கு வந்த தங்கை பக்கத்தில் நின்று கேலி செய்தார்.

"அது இனிமே நகராதுன்னு நீதானே சொன்னே?"

"நகராது."

"அப்புறம் எதுக்குப் பாக்கறே?"

அக்கா கடைசி வரியை விரலால் தொட்டு, வலது பக்கம் காலியாக இல்லை என்று பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளிலும் எட்டரைக்கு அங்கேதான் இருந்தார், அதையும் குறித்திருக்கிறேன்.