பொய் சொல்ல மறுத்த கணக்கு வாத்தியார்

செய்யூர்ப் பக்கம் மனை விற்ற ஒரு தரகருக்கு, லோக்கல் கேபிளில் ஓட இரண்டு நிமிட விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்தேன். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை வீட்டார் படுத்தும் பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை. வெட்டவெளி வாய் திறந்து குறை சொல்லாது. மே மாதம், தரை வெடித்துக் கிடந்தது. ஏரி மதகு படத்தில் விழாதபடி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவை நிறுத்தினேன். ஏரிக்குள்தான் மனைக்கல் நட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று இலவச வேனில் மனை பார்க்க வந்தவர்களில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் ஊரான கருங்குழியில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். தரகர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"கேமராவப் பாத்து, நானும் இங்க மனை வாங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு சார்."

"வாங்காம எப்படிங்க வாங்கிட்டேன்னு சொல்றது?"

"இன்னா சார் பேஜாரு பண்ற! எவன் வந்து கேக்கப் போறான்?"

வாத்தியார் மசியவில்லை. வெயிலில் எனக்கு மண்டை காய்ந்தது. "அப்போ வாங்கிட்டே சொல்லுங்களேன் சார்" என்றேன், கிண்டலாக. மனிதர் யோசித்தார். மகளுக்காக மனை தேடிக்கொண்டிருந்தவர்தான். அங்கேயே முன்பணம் கட்டிவிட்டு வந்து, பிசிறில்லாமல் சொன்னார்.

அவர் முகத்தை நம்பி, அவர் பள்ளிக்கூடத்திலேயே ஏழு பேர் வாங்கினார்கள். ஐப்பசியில் மனைகளின் மேல் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பட்டாவும் கிடைக்காது என்றானது. தரகர் கைவிரித்துவிட்டார். எவ்வளவு கமிஷன் வாங்கினாய் என்று ஏழு பேரும் வாத்தியாரைத்தான் கேட்டார்கள். அப்புறம் யாரும் அவரோடு பேசவில்லை.

அவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். "பணம் போனா போகட்டும் தம்பி. நானும் ஏமாந்தவன்தான்னு அதே கேபிள்ல சொல்லணும். எடுத்துக் குடுங்க."

தரகரின் அடுத்த படம், கூடுவாஞ்சேரி மனைகளுக்கானது, என் கையில் இருந்தது. இவர் பேச்சு ஓடினால் அந்தப் பிழைப்பு போய்விடும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் எனக்குத் துப்பில்லை. ஸ்டூலைப் போட்டு விளக்கை ஏற்றினேன். ஏழு பேரையும் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டார். நடுவில் அழுதுவிட்டார். அழுதது வேண்டாம், மறுபடி எடுங்கள் என்றார். மறுபடியும் முழுக்கப் பேசினார்.

"எப்போ தம்பி வரும்?"

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் சார்."

"அந்த ஏழு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா? சேர்ந்து உக்காந்து பாக்கறோம்."

"சொல்லுங்க சார்" என்றேன். கேமராவில் நான் டேப்பே போட்டிருக்கவில்லை.