தோலை உரித்தும் போகாத மஞ்சள்

சாவகச்சேரிச் சந்தை இறைச்சிக்கடையில் ஒரு அம்மா, "இது செங்கமாரி வந்த கோழி!" என்று சத்தம் போட்டார். மஞ்சள் காமாலையைத்தான் எங்கள் பக்கம் செங்கமாரி என்போம். அந்தக் கோழியை வளர்த்தவன் என் மைத்துனன் சிவநேசன். பக்கத்தில் நின்ற எனக்கு மனம் குளிர்ந்தது. அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. நாலு தொட்டி

முப்பத்தொரு வருடம் கோழித்தீன் ஆலையில் கலவை பார்த்தவன் நான். சோளம், சோயா, மீன்தூள் எல்லாம் வீதக் கணக்கில் மனப்பாடம். ஓய்வுக்குப் பிறகு இருநூறு புறொயிலர் இறைச்சிக்கோழி வளர்க்கிறேன். சிவநேசன் என் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டியவன். கோழி வளர்ப்பை என்னிடம் கேட்டுத்தான் தொடங்கினான். பிறகு ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, வீட்டு வளவில் நாலு சீமெந்துத் தொட்டி கட்டி ஸ்பைருலினா என்ற நுண்பாசியை வளர்த்தான். தண்ணீர் முழுக்கக் கரும்பச்சை. அதைத் துணியில் வடித்து, காயவைத்து, அரைத்து, சோயாவைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்துக்குத் தீனில் கலந்தான்.

"அத்தான், இதிலை புரதம் நிறைய இருக்கு. கோழியும் ஊர்க்கோழி மாதிரி மஞ்சளா வரும்."

"மஞ்சள் தோலிலைதானேடா வரும்? இஞ்சை ஆர் தோலோடை கறி வைக்கினம்? உன்ரை பாசி முழுக்கக் கடைக்காரன்ரை குப்பை வாளிக்குத்தான்."

இதையே பிறகு ஏழு பேரிடம் சொன்னேன். ஏழு பேரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"முப்பத்தொரு வருசமா நீங்கள் ஏன் உதை யோசிக்கேல்லை?" என்றாள்.

அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

2. ஈரல்

வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் சைவம். அதனால் சனி காலை இறைச்சிக்கடை நிறைந்துவிடும். கடைக்கார ராசன் வழக்கமாக என்னிடம் அறுபது கோழி எடுப்பார். அந்தச் சனி நாற்பதுதான் எடுத்தார். மிச்ச இருபது சிவநேசனுடையது.

ராசன் அவனுடைய முதல் கோழியின் தோலை உரித்தார். என் கணக்குப் பிழைத்தது. கொழுப்பும் மஞ்சள், நெஞ்சிறைச்சியிலும் மஞ்சள் சாயல். அந்த நேரத்தில்தான் அந்த அம்மா சத்தம் போட்டார்.

"பிள்ளையளுக்கு இதைக் குடுக்கேலுமே தம்பி?"

பின்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். கோழிகளைக் கொண்டுவந்து கடையிலேயே நின்ற சிவநேசன் ராசனைப் பார்த்தான். அந்த இருபதும் திரும்பினால், கொட்டிலில் நிற்கும் மிச்சத்தையும் இனி யாரும் தொடமாட்டார்கள்.

"அண்ணை, நீங்கள் தீன் ஆலையிலை இருந்தனீங்கள். நீங்களே சொல்லுங்கோ, நோயோ?" என்று ராசன் என்னைக் கேட்டார்.

அவன் வியாபாரம் முடிய என் ஒரு தலையாட்டல் போதும். பேசாமல் நின்றாலே போதும். ஆனால் ஈரல் கண்முன்னே கிண்ணத்தில் கிடந்தது. எடுத்துக் காட்டினேன்.

"நோய்க்கோழியெண்டால் ஈரல் வீங்கி, ஓரம் மொழுக்கெண்டு இருக்கும். இதைப் பாருங்கோ அம்மா, நல்ல கருஞ்சிவப்பு, ஓரமும் கூர். இந்த மஞ்சள் தீனாலை வந்தது. சோளம் திண்டால் முட்டைக்கரு மஞ்சளாகுதெல்லே, அப்பிடித்தான்."

"அப்ப ஊர்க்கோழி மாதிரியோ?"

சிவநேசன் சொல்லி, நான் கேலி செய்த அதே சொல்.

"ஓம்."

"அப்ப எனக்கு ரெண்டு தாங்கோ."

3. இப்போது

இப்போது சனிக்கிழமைகளில் ராசன் அவனிடம் நாற்பது எடுக்கிறார், என்னிடம் இருபது. சிவநேசன் ஒரு பை பாசித்தூள் கொண்டுவந்து, "நீங்களும் கலந்து பாருங்கோ அத்தான்" என்று வைத்துவிட்டுப் போனான். நான் இன்னும் பிரிக்கவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் அந்தப் பையைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அடுத்தவன் கோழியைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும். எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஆனால் ஈரலைக் கையில் எடுத்தால், கண்டதைத்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு உங்கள் கோழியைத் தூக்கிப் பிடித்து யாராவது நோயோ என்று கேட்கலாம். அப்போது பக்கத்தில் நிற்பவன் உங்கள் மைத்துனனாக இருக்கலாம்.