கோல்கீப்பரின் அப்பா கடலில் இருந்தார்

காலேஜ் ஃபுட்பால் பார்க்கிற குரூப்புக்கு அட்மினாக இருப்பதைப் போல ஒரு கேடுகெட்ட உத்தியோகம் கிடையாது: சம்பளம் இல்லை, லீவு இல்லை, திட்டு மட்டும் ஓவர்டைமோடு வரும். குடும்பக் குரூப்பிலோ ஃப்ளாட் குரூப்பிலோ அட்மினாக மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஃபஹாஹீலில் ஏ.சி. மெக்கானிக் வேலை. சொந்த ஊர் குமரிக் கடற்கரை. எங்கள் காலேஜில் படித்துவிட்டு வளைகுடாவில் சிதறிக் கிடக்கும் நூற்றுச் சொச்சம் பேர் அந்தக் குரூப்பில் இருக்கிறோம். சீசனின் முதல் மேட்ச்சை இப்போது படிக்கிற பையன்கள் போனில் லைவ் போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே குரூப்பில் எழுதித் தள்ளுவோம். இந்த வருஷம் மேட்ச் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

ஒரு கோடு சிக்னல்

முந்தின நாள் காலையில் லூக்காஸ் அண்ணன் எனக்கு மட்டும் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எங்கள் காலேஜில் ஒரே ஒரு வருஷம் படித்து, டீமுக்கு கோல் காத்து, பிறகு மீன்பிடிக்கப் போனவர். இப்போது பஹ்ரைனில் கஃபீலின், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியின், மீன்பிடி லாஞ்சில் இருக்கிறார். நாலு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த மகன் ஜெனின், இப்போது அதே காலேஜில் கோல்கீப்பர். நாளைக்குத்தான் முதல் மேட்ச்.

அண்ணன் வெள்ளி முழுக்கக் கடலில் இருப்பார். சனிக்கிழமை மீன் இறக்கக் கரைக்கு வந்தாலும் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், எழுத்து மட்டும் இறங்கும். அதனால் கூச்சத்தோடு கேட்டார்.

"நீங்க எழுதுறதுதான் மக்கா எனக்கு மேட்ச். ஒண்ணையும் விடாம எழுதி வைங்க."

முந்தி வரும் சந்தோஷம்

எங்கள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. கோல் விழுந்தால், நான் 'சரி' என்று போடும் வரை யாரும் மூச்சு விடக்கூடாது. காரணம், ரூவியில் துணிக்கடை வைத்திருக்கும் ராஜன். அவன் கடை நெட் காற்றாய்ப் பறக்கும். எங்கள் ரூமில் எட்டுப் பேருக்கு ஒரே வைஃபை. போன வருஷம் இங்கே பந்து நடுக்கோட்டையே தாண்டவில்லை, அதற்குள் அவன் 'கோல்' என்று போட்டு எட்டுப் பேரின் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டான்.

இந்தத் தடவை மேட்ச் தொடங்கும் முன்பே அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தேன். சரி என்று ஒத்துக்கொண்டவன், கடைசியில் பாவமாக ஒன்று கேட்டான்.

"எனக்கு மட்டும் முன்னாலயே சந்தோஷம் வந்துட்டா, அதை நான் எங்கலே கொண்டு வைக்க?"

இடது பக்கம்

ஷீபா அக்கா கராமாவில் இருக்கிற நர்ஸ். வருஷா வருஷம் லைவுக்கு முதல் ஆளாக வருவார், ஆனால் ஸ்கோர் என்னவென்று கேட்டால் தெரியாது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் வாதாம் மரம் நிற்கிறதா, கேன்டீன் சுவருக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள், இதுதான் அவர் கவலை. அன்று டியூட்டி ஆஃப் வேறு. பத்தாவது நிமிஷத்திலேயே, கேமராவை இடது பக்கம் திருப்பி நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற ஸ்டாப்பைக் காட்டச் சொல்லி என்னை நச்சரிக்க ஆரம்பித்தார். நானும் மனசு கேட்காமல், கேமரா பிடிக்கிற பையனுக்குச் சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த பஸ் ஸ்டாப் தெரிந்ததும் நானே மேட்ச்சை மறந்துவிட்டேன்.

கேமரா திரும்பி வந்தபோது பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது. கோல் எப்படி விழுந்தது என்று நூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. ஷீபா அக்கா மட்டும் திருப்தியாக எழுதினார்.

"ஸ்டாப்புல சிமென்ட் பெஞ்சு அப்படியேதான் கிடக்கு."

அழிக்கிற வேலை

பார்க்காத கோல் என்பதால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கால் இடுக்கு வழியாக விட்டான் என்று ஒருவன். பேன் பார்த்துக்கொண்டு நின்றான் என்று இன்னொருவன். 'இவனுக்குக் கை எதுக்கு?' என்று ராஜன். இதையெல்லாம் நாளைக்கு லூக்காஸ் அண்ணன் ஒவ்வொரு வரியாகப் படிப்பாரே. உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். அழிக்க அழிக்க, 'அட்மின் அழித்துவிட்டார்' என்று வரிசையாக விழுந்ததே தவிர ஒன்றும் மறையவில்லை. பிரேக்குக்குள் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. ராஜனுக்குக் கோபம் வந்தது.

"கோல்கீப்பர் என்ன உன் மச்சினனா? யாருக்காகலே அழிக்க?"

ரெண்டாவது பாதி

சொல்லிவிட்டேன். கோல்கீப்பர் லூக்காஸ் அண்ணன் மகன் என்பது, அண்ணன் கடலில் இருப்பது, நாலு வருஷம், ஒரு கோடு சிக்னல், எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு ஷீபா அக்கா ஆரம்பித்தார், பையன் நீல ஜெர்சி போட்டிருக்கிறான், இடது கால் சாக்ஸ் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று. கிராஸ்பாரை எம்பாமலேயே தொடுகிறான் என்றான் ஒருவன். கோல் கிக் அடிக்கும் முன் பந்தை ரெண்டு தட்டு தட்டுகிறான் என்று நான் எழுதினேன். பந்து எங்கே போகிறது என்று பார்க்க ஆளில்லை. நூறு பேரும் ஒரு பையனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுபதாவது நிமிஷத்தில் இன்னொரு கோல் வாங்கினோம். நேராகக் கைக்கு வந்த பந்து. நான் 'சரி' போட்ட அடுத்த நொடி ராஜன் கூசாமல் எழுதினான்.

"அண்ணே, அதை எந்தக் கொம்பனாலயும் பிடிக்க முடியாது."

சனிக்கிழமை

ரெண்டுக்கு பூஜ்யம். மறுநாள் மத்தியானம், ஒரு ஷாப்பிங் மாலில் ஏ.சி.யைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில், அண்ணன் படித்துவிட்டதாகக் குரூப் காட்டியது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்து எனக்கு மட்டும் தனியாக எழுதினார். கிராஸ்பாரை எம்பாமல் தொடுகிறான் என்ற வரியை லாஞ்சில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். அவர் அந்தக் காலத்தில் எம்பித்தான் தொடுவாராம். அதற்குக் கீழே இன்னொன்று வந்தது.

"அழிச்சதுல என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் மக்கா. கிரவுண்டுல நின்னிருந்தா முதல்ல திட்டியிருப்பது நான்தான். அதை விட்டு வச்சிருந்தா, நானும் அங்கன நின்ன மாதிரி இருந்திருக்கும்."

அடுத்த மேட்ச்சில் லூக்காஸ் அண்ணன் சார்பாக அவர் மகனைத் திட்டும் பொறுப்பை ராஜனிடமே கொடுத்திருக்கிறேன், அதுவும் நான் 'சரி' போட்ட பிறகுதான்.