யோகேஸ்வரியிடம் நம்பர் கேட்டவர்கள்

என் நாத்தனார் யோகேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. மலேசியாவில், குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தயாரான சாமான்களில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துப்போடும் வேலை. பதினான்கு வருட அனுபவம். அவளுக்கே ஒரு கோளாறு என்று கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வருடம் பிடித்தது. எங்களை எந்தத் தொழிற்சாலையும் அந்த வேலைக்கு எடுத்திருக்காது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். பேசச் சொன்னால் நாலு வார்த்தை பேசுவாள், ஐந்தாவதுக்கு யோசிப்பாள். அப்படிப்பட்டவள் ஓர் ஆடி மாதம் தூக்கத்தை விட்டாள். மூன்று நாள் கண் மூடவில்லை. சுவரெல்லாம் தேய்த்துக் கழுவினாள். துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்குக்குப் போய் ஒரே நாளில் இருபத்து மூன்று சேலைகள் வாங்கி வந்து, அத்தனையும் அம்மனுக்கு என்றாள். வாய் ஓயாமல் பேசினாள். எதிரில் ஆள் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தாமான் குடியிருப்பின் மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடித்தபோது யோகேஸ் ஆடினாள். கோயில் தலைவர் அய்யாவு வேப்பிலையோடு ஓடி வந்தார். மைக் கையில் கிடைத்தால் திருப்பித் தராத மனிதர் அவர். இது சாதாரண அருள் இல்லை, நேரடியாகவே தாய் இறங்கியிருக்கிறாள் என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டார். தூங்காமல், சாப்பிடாமல், களைக்காமல் ஒருத்தி பேசுகிறாள் என்றால் அது அம்மன் இல்லாமல் வேறு யார்? டாக்டர் என்ற வார்த்தை அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான்.

அன்றைக்கு அவள் வாய்க்கு வந்த எண்களையெல்லாம் கொட்டினாள். அதில் ஒன்று அய்யாவுவுக்கு நாலு நம்பர் லாட்டரியில் ஆறுதல் பரிசாக விழுந்தது. ஒரு மணி நேரம் விடாமல் எண் சொன்னால் ஒன்றாவது விழத்தானே செய்யும். ஆனால் மறுவாரம் எங்கள் வீட்டு வாசலில், தூரத்து ஊரான லாபிஸிலிருந்தும் கார் வந்து நின்றது. எல்லாருக்கும் நாலு நம்பர் வேண்டும். பிள்ளை பரீட்சையில் தேறுமா, சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குக் கேட்பது.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வரிசையை ஒழுங்குபடுத்தியவள் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை செல்வராணி என்ற என் பெயரே தெரியாத பெண்களெல்லாம் 'ராணி அக்கா' என்று கூப்பிட்டார்கள். கோயிலில் பிரசாதம் எனக்குத்தான் முதலில் வந்தது. ஒரு தாயின் அண்ணியாக இருப்பது லேசுப்பட்ட பதவியா?

ஐந்தாவது வாரம் அம்மன் போய்விட்டாள். யோகேஸ் படுத்தாள். படுத்தவள் எழவில்லை. குளிக்கவில்லை, சோறு தொடவில்லை, வேலைக்குப் போகவில்லை. டாக்டர் சீட்டில் எடுக்கும் எம்.சி. தீர்ந்து, வருட விடுப்பும் தீர்ந்தது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட ஒரு டம்ளர் மைலோ கலக்கிக்கொண்டு வந்ததில்லை. வீட்டில் யாரோ கவிச்சி தொட்டதால் தாய் கோபித்துப் போய்விட்டாள் என்று அய்யாவு தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு அவள் தேறினாள், மறுபடி ஆடினாள், மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் நாற்காலியைப் போட்டோம், எடுத்து வைத்தோம்.

மூன்றாம் தடவை விழுந்தபோது, தலை வாரிவிடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் இல்லாம போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி இல்ல?"

அன்று காலையே அவளை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு மலாய் டாக்டர், சின்னப் பெண், அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அங்கேதான் அந்த நோய்க்குப் பெயர் தெரிந்தது, பைபோலார். மனம் ஒரு சமயம் கட்டுக்கடங்காமல் ஏறும், ஒரு சமயம் எழ முடியாமல் விழும் என்றார்கள். லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள், அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் காளியப்பன் செய்த ஒரே உதவி, அக்கம்பக்கத்தில் தங்கைக்கு கேஸ்ட்ரிக் என்று சொல்லி வைத்தது. எங்கள் ஊரில் எந்த வியாதியையும் கேஸ்ட்ரிக் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

மாத்திரையோடு, பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையும் வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அதற்கு நான்கு மாதக் காத்திருப்பு. அதுவரை நானே தேடினேன். முதலில் கிடைத்தவர் கடை மாடியில் 'மனவள ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருந்தவர். பத்து நிமிடம் அவள் கதையைக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். காலையும் மாலையும் இதைக் குடித்தால் நோய் பறந்துவிடும், ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் வருமானமும் வரும் என்றார். யோகேஸ் அன்று அழுது சோர்ந்திருந்தாள். அவளையே முதல் ஆளாகச் சேர்க்கப் பார்த்தார்.

இரண்டாவது ஆள் ஜொகூர் பாருவில். குளிர்சாதன அறை, மூங்கில் செடி, எல்லாம் ஆங்கிலம். ஒரு மரம் வரையச் சொன்னாராம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தெரிந்த மரத்தை வரைந்தாள். அந்தப் படத்தை என்னிடம் காட்டி, மரத்தில் ஒரு கிளைகூட இல்லையே, இவர் உறவுகளையெல்லாம் வெட்டிக்கொண்டு தனியாக நிற்கிறார் என்று வருத்தப்பட்டார். அது செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை மரம். செம்பனையில் கிளைக்கு நான் எங்கே போவேன்? இந்த நாட்டில் பாதி நிலம் அந்த மரம்தான், அவர் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்தே அழைப்பு வந்தது. பிரவீனா என்ற பெண், தமிழ் பேசுகிறவள். அவள் மரமும் கேட்கவில்லை, மந்திரமும் கேட்கவில்லை. தினமும் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று நோட்டில் எழுதச் சொன்னாள். தூக்கம் குறைய ஆரம்பித்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு ஏமாற்றம்தான். இதற்கா நான்கு மாதம் காத்திருந்தோம்? ஆனால் அந்தச் சப்பென்ற நோட்டுதான் யோகேஸைப் பிடித்து நிறுத்தியது. எட்டு மாதத்தில் அவள் பழையபடி வேலைக்குப் போனாள். மாத்திரையால் உடம்பு கொஞ்சம் போட்டது, கை லேசாக நடுங்கும், அடிக்கடி தண்ணீர் குடிப்பாள். பேசச் சொன்னால் நாலு வார்த்தை பேசினாள்.

தினமும் மாலையில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு, டப்பாவும் என்னிடம்தான். கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அய்யாவு வீட்டுக்கு வந்தார். வெளியூர்க் கூட்டம் தாயைப் பார்க்கத்தான் வருகிறது, இந்த வருடம் தாய் இறங்காவிட்டால் கோயில் மானம் போய்விடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப நாளைக்கு வேணாம் லா. திருவிழா முடியற வரைக்கும் மட்டும் மாத்திரைய நிறுத்துங்க. அப்புறம் குடுத்துக்கலாம்."

காளியப்பன் தரையைப் பார்த்தார். நான் காப்பி கலக்கப் போய்விட்டேன். அவரை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. அன்று மாலை நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன். முன்வரிசை நாற்காலியும் முதல் பிரசாதமும் கண்ணுக்குள் வந்து போயின. பவுடர் விற்றவனை அத்தனை திட்டினேனே, அவன் என்னைவிட யோக்கியன். அவனாவது முகத்துக்கு நேராக ஏமாற்றினான்.

மூன்றாம் நாள் காலை பசியாறும்போது யோகேஸ் அந்தத் தூக்க நோட்டை என் முன்னால் வைத்தாள். ஏழு மணி நேரம், ஏழு, பிறகு நாலு, பிறகு மூன்று.

"நீங்க குடுப்பீங்கன்னு ரெண்டு நாளும் உக்காந்திருந்தேன் அண்ணி."

மறந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"மறக்கல. உங்களுக்கும் அந்தத் தாய்தான் வேணும். எனக்கும்தான் ஆசையா இருக்கு, அப்ப எல்லாரும் என்னைய கும்புட்டாங்க. ஆனா தாய் போனப்புறம் அந்த ரூம்ல படுத்துக் கிடந்தது நான் மட்டுந்தான்."

கையை நீட்டினாள். மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். பிரவீனாவுக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அன்றே டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று தனியாகப் போனாள். என் வாழ்நாளில் அவ்வளவு கூனிக் குறுகி நான் அடுப்படியில் நின்றதில்லை.

திருவிழா அன்று யோகேஸ் சன்னதிப் பக்கமே போகவில்லை. அன்னதானப் பந்தியில் ரச வாளியை எடுத்துக்கொண்டாள். உறுமி அடித்தார்கள், உடுக்கை அடித்தார்கள், அவளுக்குக் கேட்கட்டும் என்று பந்தல் வாசலில் வந்துகூட அடித்துப் பார்த்தார்கள். அவள் கரண்டியைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். லாபிஸ்காரர்கள் முகம் வாடி இலை முன் உட்கார்ந்தார்கள். அய்யாவு உட்கார்ந்த இடத்திலிருந்தே, தாய்க்கு என்ன கோபம் என்று எல்லார் காதிலும் விழும்படி என்னைக் கேட்டார்.

நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"தாய்க்கு ஒரு கோபமும் இல்ல தலைவரே. அவளுக்கு வந்தது நோய். பைபோலார். ரெண்டு வருஷம் நாம எல்லாரும் சீக்காளி வாயில நம்பர் கேட்டோம். நாற்காலி போட்டுக் குடுத்தவ நான்தான்."

பந்தி அப்படியே நின்றது. காளியப்பன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, மெதுவாக, கேஸ்ட்ரிக் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

யோகேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, நன்றியா, எனக்குத் தெரியவில்லை. பிறகு ரச வாளியோடு அய்யாவு இலைக்கு முன்னால் வந்து, ஊற்றட்டுமா மாமா என்று கேட்டாள். அவர் இலையை மடக்கி மூடினார். அவள் அடுத்த இலைக்குப் போனாள்.